நுழைவுத் தேர்வும் மலைப் பிள்ளைகளும்: வாசகர் கேள்வி - பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில், கல்லூரிச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வுகளைப் பற்றிக் கேட்டவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் ஊர் மட்டும்.

கேள்வி: மகள் ப்ளஸ் டூ, பயாலஜி - மேத்ஸ் குரூப். நீட், ஜே.இ.இ., க்யூட் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எந்தப் படிப்புக்கு எந்த மார்க்? ப்ளஸ் டூ மார்க்குக்கு இனி மதிப்பே இல்லையா?
- வாசகி, கோத்தகிரி

நிறையவே இருக்கிறது. தமிழ்நாட்டில் பொறியியல் கவுன்சலிங்குக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. 1984-ல் தொடங்கிய மாநில நுழைவுத் தேர்வை 2006-ம் ஆண்டுச் சட்டம் எடுத்துவிட்டது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கட்-ஆஃப் போடுகிறார்கள். உங்கள் மகள் கணிதத்தில் 86, இயற்பியலில் 78, வேதியியலில் 90 வாங்கினால் 86 + 39 + 45, ஆக 170. கணிதத்தில் ஒரு மார்க் போனால் கட்-ஆஃபில் முழுதாக ஒன்று போகும்; மற்ற இரண்டில் அரைதான் போகும். படிக்கும் நேரத்தைப் பங்கிடும்போது இதை மறக்க வேண்டாம். இருவர் ஒரே கட்-ஆஃப் என்றால் முதலில் கணித மார்க், அப்புறம் இயற்பியல் மார்க் என்று வரிசையாகப் பார்ப்பார்கள். எல்லாமே சமமாக வந்தால் கடைசியில்தான் ரேண்டம் எண்.

ஊட்டி, கூடலூர் அரசுக் கலைக் கல்லூரிகளும் ப்ளஸ் டூ மார்க்கைத்தான் பார்க்கின்றன. பயாலஜி படித்த பலர் தெரியாமல் கோட்டைவிடுவது இன்னொன்று: பி.எஸ்சி. நர்சிங்குக்கும், கால்நடை மருத்துவத்தின் மாநில இடங்களுக்கும் கூட ப்ளஸ் டூ மார்க்தான். நீட் போகவில்லை என்றால் வெள்ளைக் கோட்டே இல்லை என்று நினைத்து ஒரு வருடத்தைத் தொலைத்தவர்கள் இந்த மலையில் உண்டு.

எம்.பி.பி.எஸ்., பல் மருத்துவம், சித்தா, ஆயுர்வேதம், ஹோமியோபதி எல்லாவற்றுக்கும் நீட். திருச்சி என்.ஐ.டி.க்கு (தேசியத் தொழில்நுட்பக் கழகம்) ஜே.இ.இ. மெயின், அங்கே பாதி இடம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கே. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு க்யூட். பி.ஆர்க்., அதாவது கட்டடக்கலை படிக்க ப்ளஸ் டூ மார்க்கோடு நாட்டா தேர்வு மார்க்கையும் கூட்டுவார்கள்.

கேள்வி: எல்லோருக்கும் ஒரே வினாத்தாள், ஒரே நேரம். திருத்துவது இயந்திரம். சிபாரிசு, சாதி, காசு எதுவும் உள்ளே நுழைய முடியாது. இதைவிட நியாயமான முறை எது? எதற்கு இத்தனை எதிர்ப்பு?
- வாசகர், குன்னூர்

திருத்துவதில் நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறோம். நீட்டுக்கு முன் தனியார் மருத்துவக் கல்லூரிகள் தாங்களே தேர்வு வைத்து, தாங்களே பட்டியல் போட்டு, நன்கொடை வாங்கிக்கொண்டு சேர்த்த கதை எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பெரும்பாலும் பூட்டுப் போட்டது இந்தத் தேர்வு. ஆனால் தராசு சரியாக இருப்பது வேறு, தராசுத் தட்டில் எதை வைக்கிறோம் என்பது வேறு.

நீட் தமிழ்நாட்டுக்கு 2017-ல் வந்தது. நீட்டின் விளைவை ஆராய மாநில அரசு அமைத்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-ல் தந்த அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. 2016-17 மருத்துவச் சேர்க்கையில் பழைய மாணவர்கள், அதாவது ரிப்பீட்டர்கள், சுமார் 12 சதவீதம். 2020-21-ல் அது 71 சதவீதம். ப்ளஸ் டூ முடித்த கையோடு சீட் வாங்குவது அரிதாகிவிட்டது என்பதே இதன் பொருள். ஒரு வருடம், இரண்டு வருடம் வீட்டில் உட்கார்ந்து கோச்சிங் போக யாரால் முடியும்? கொழுந்து பறிக்கும் கூலியில் ஓடும் வீட்டால் முடியாது. வினாத்தாள் காசு கேட்பதில்லை. அந்த வினாத்தாளுக்குத் தயாராக வேண்டிய இரண்டாவது வருடம்தான் காசு கேட்கிறது.

அடுத்து, ஒரே நாள். ஒரு பிற்பகல், மூன்று மணி நேரம். 2024-ல் முதலில் வந்த முடிவில் 67 பேர் 720-க்கு 720. கருணை மதிப்பெண் கொடுத்த 1,563 பேருக்கு அதைத் திரும்பப் பெற்று, மறுதேர்வு எழுத வாய்ப்புக் கொடுத்தார்கள். ஹசாரிபாக்கிலும் பாட்னாவிலும் வினாத்தாள் கசிந்தது உண்மை என்று ஏற்ற உச்ச நீதிமன்றம், நாடு முழுக்க அது பரவியதற்குச் சான்று இல்லை என்று சொல்லி மறுதேர்வு கேட்ட மனுக்களைத் தள்ளியது. மொத்தக் கனத்தையும் ஒரே ஆணியில் மாட்டினால் இதுதான் வம்பு. ஆணி ஒரு பக்கம் ஆடினாலும் அத்தனை பேருக்கும் ஆடும்.

மொழி என்று ஒன்றும் இருக்கிறது. 2018 நீட் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை. கேள்விக்கு 4 வீதம் 196 மார்க் கொடுக்கச் சொன்னது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் முரண் வந்தால் ஆங்கிலமே இறுதி என்பது விதி. ஆகவே தமிழ்த் தாள் கேட்டு எழுதும் பிள்ளைகள், சந்தேகம் தட்டும் கேள்விகளிலாவது பக்கத்தில் இருக்கும் ஆங்கில வரியைப் படித்தே ஆக வேண்டும். கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் எழுதிய ஒரு நோட்டு ப்ளஸ் ஒன்னிலேயே தொடங்கினால் இது பாரமாக இருக்காது.

ஆனால் ‘ப்ளஸ் டூ மார்க்கே போதும், அதுதான் தூய்மை’ என்று சொல்பவர்களோடும் நாம் முழுதாகச் சேர முடியாது. ப்ளஸ் ஒன் பாடத்தையே தொடாமல், ப்ளஸ் டூ புத்தகத்தை இரண்டு வருடம் உருப்போட வைத்த விடுதிப் பள்ளிகளை மறந்துவிட்டோமா? ‘பிராய்லர் பள்ளி’ என்று மக்களே பெயர் வைத்தார்கள். அதற்கு மருந்தாகத்தான் 2017-18-ல் ப்ளஸ் ஒன்னுக்குப் பொதுத் தேர்வு வந்தது; 1,200 மார்க் 600 ஆனது. அந்தப் ப்ளஸ் ஒன் பொதுத் தேர்வையும் 2025-ல் எடுத்துவிட்டார்கள். நீட் கேள்வித்தாள் ப்ளஸ் ஒன் பாடத்தையும் ப்ளஸ் டூ அளவுக்கே கேட்கிறது என்பதால் இதில் எங்களுக்குக் கொஞ்சம் கவலை உண்டு.

எங்கள் கட்சி எது என்று கேட்டால், 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டின் கட்சி. 6-ம் வகுப்பு முதல் ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களை அவர்களுக்குள்ளேயே வரிசைப்படுத்தும் ஏற்பாடு அது. தேர்வு அப்படியே இருக்கிறது. ஆனால் எந்தப் பள்ளியிலிருந்து வந்த மார்க் என்றும் பார்க்கிறது. அது வருவதற்கு முந்தைய வருடம் அரசுப் பள்ளியிலிருந்து எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்கள் ஒற்றை இலக்கம். 2020-ல் ஒதுக்கீடு வந்த முதல் வருடமே 300-க்கும் மேற்பட்ட எம்.பி.பி.எஸ். இடங்கள் அவர்களுக்கென்று நின்றன. பிள்ளைகளின் மூளை ஒரு வருடத்தில் மாறவில்லை, ஒப்பிடும் முறைதான் மாறியது. 2021-ல் இதைப் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் நீட்டினார்கள். கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் 8-ம் வகுப்பு வரை படித்து, 9-லிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் இது உண்டு. அரசு உதவி பெறும் பள்ளிக்கு இல்லை. மலையில் மிஷன் பள்ளிகள் பலவும் உதவி பெறும் பள்ளிகள் என்பதால் இங்கே பல வீடுகள் ஏமாறுகின்றன. பள்ளி மாற்றும்போதே தலைமை ஆசிரியரிடம் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: நீட்டில் விடை தெரியாத கேள்விக்குக் குத்துமதிப்பாக அடிக்கலாமா, விட்டுவிட வேண்டுமா? சார் ஒன்று சொல்கிறார், அண்ணன் ஒன்று சொல்கிறான்.
- மாணவர், பந்தலூர்

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம் தம்பி. சரியென்றால் +4, தப்பென்றால் -1, நான்கு விடைகள். கண்ணை மூடிக்கொண்டு அடித்தால் நான்கில் ஒரு தடவை 4 கிடைக்கும், மூன்று தடவை 1 போகும். நான்கு கேள்விக்கு நிகரம் +1. கேள்விக்குக் கால் மார்க். இதே போல் 20 கேள்வி அடித்தால் சராசரியாக +5. ஆனால் ஏற்ற இறக்கம் பெரிது: -5-க்கும் +15-க்கும் நடுவில் எங்கேயும் வரலாம். லாபம் உண்டு, நம்ப முடியாது.

ஒரு விடையைத் தப்பென்று உறுதியாகத் தள்ள முடிந்தால் கேள்விக்குச் சராசரி 0.67. இரண்டைத் தள்ள முடிந்தால் 1.5. அங்கே விட்டுவிடுவதுதான் நஷ்டம். ஆகவே விதி இது: ஒன்றையாவது தள்ள முடிந்தால் அடி. எதுவுமே புரியாத கேள்வியில் நேரத்தைச் செலவழிக்காதே. ஜே.இ.இ. மெயினில் எண்ணாகவே விடை எழுதும் கேள்விகளில் ஊகம் பலிக்காது. அங்கேயும் தப்புக்கு -1 உண்டு.

இதைவிட அதிக மார்க் போகும் இடம் ஓ.எம்.ஆர். தாள். 2025-லிருந்து 180 கேள்விக்கு 180 நிமிடம். ஒரு வட்டத்தை நிரப்ப 6 விநாடி என்றாலும் 180-க்கு 18 நிமிடம். ‘எல்லாவற்றையும் வினாத்தாளில் குறித்துக்கொண்டு கடைசியில் நிரப்புகிறேன்’ என்பவர்கள் மணி அடிக்கும்போது 30 வட்டம் பாக்கி வைத்திருப்பார்கள். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் அந்தப் பக்கத்து வட்டங்களை நிரப்பு. ஒரு கேள்வியை விட்டால் வினாத்தாளில் அதன் எண்ணைச் சுழித்து வை. அதைச் செய்யாததால்தான் 57-ன் விடை 56-ல் போய், அங்கிருந்து வரிசையாக எல்லாம் ஒரு படி சரிகிறது. பேனாவில் நிரப்பியதை அழிக்க முடியாது.

உயிரியல் 90 கேள்வியை 45 நிமிடத்தில் முடிக்கப் பழகு. மீதியில் வேதியியலுக்கு 50, இயற்பியலுக்கு 65 என்று ஒதுக்கினால் 20 நிமிடம் மிஞ்சும். அது வட்டங்களுக்கு.

கேள்வி: மகனுக்கு ஜே.இ.இ. மெயினில் 87 பர்சென்டைல். நூற்றுக்கு 87 வாங்கியும் என்.ஐ.டி. கிடைக்காது என்கிறார்கள். எப்படி?
- வாசகர், மஞ்சூர்

87 என்பது மார்க் இல்லை, இடம். தேர்வு 300 மார்க்குக்கு, பல நாள், நாளுக்கு இரண்டு ஷிஃப்ட். ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் வேறு வினாத்தாள் என்பதால் மார்க்கை நேரடியாக ஒப்பிட முடியாது. ஆகவே அந்த ஷிஃப்டில் எழுதியவர்களில், உங்கள் மகன் வாங்கியதற்குச் சமமாகவோ குறைவாகவோ வாங்கியவர்கள் எத்தனை சதவீதம் என்று பார்க்கிறார்கள். ஒரு லட்சம் பேர் எழுதி, 87,000 பேர் அவருக்குச் சமம் அல்லது கீழே என்றால் 87.

இனி ரேங்க். 2024-ல் இரண்டு அமர்வும் சேர்த்து எழுதியவர்கள் சுமார் 14 லட்சம். 87-க்கு மேலே இருப்பவர்கள் 13 சதவீதம், அதாவது ஏறத்தாழ 1,82,000 பேர். என்.ஐ.டி. ஏன் எட்டவில்லை என்பது இப்போது தெரிந்திருக்கும். ஜனவரி, ஏப்ரல் இரண்டிலும் எழுதினால் நல்லதை எடுத்துக்கொள்வார்கள். இது நீட்டில் இல்லாத நல்ல ஏற்பாடு; ஒரு நாள் காய்ச்சல் ஒரு வருடத்தைத் தின்னாது.

இந்தக் கணக்கில் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது: எல்லா ஷிஃப்டிலும் ஒரே தரத்துப் பிள்ளைகள் கலந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது. கூட்டம் லட்சத்தைத் தொட்டால் அது பெரும்பாலும் சரி. கூட்டம் சிறுத்தால் ஆட்டம் காணும்.

நீட்டிலும் பர்சென்டைல் குழப்பம் உண்டு. ‘50 பர்சென்டைல் தகுதி’ என்றால் 360 மார்க் இல்லை. 2025-ல் அது 144 மார்க். அந்த 144 விண்ணப்பிக்கத் தகுதி, அவ்வளவுதான். தகுதி வந்ததும் ஊருக்கு லட்டு கொடுத்துவிட்டு, அரசு இடம் வரவில்லையே என்று அப்புறம் திகைக்க வேண்டாம்.

கேள்வி: பையனுக்கு நீட் மையம் கோவையில் போட்டிருக்கிறது. காலையில் கிளம்பினால் போதுமா?
- ஒரு தந்தை, கூடலூர்

போதாது. கூடலூரிலிருந்து கோவை 130 கிலோமீட்டருக்கு மேல். நீட் வழக்கமாக மே முதல் ஞாயிறு, அதாவது ஊட்டி சீசனின் உச்சி. வெளியூர் வண்டிகளுக்கு 2024-லிருந்து இ-பாஸ் வந்தும் நெரிசல் தீர்ந்தபாடில்லை. சீசனில் ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும், இறங்குபவற்றைக் கோத்தகிரி வழியாகவும் திருப்பிவிடுவது வழக்கம். தேர்வு 2 மணிக்கு, 1.30-க்குக் கேட் பூட்டிவிடும், ஒரு நிமிடம் தாண்டினாலும் திறக்க மாட்டார்கள். முந்தின நாளே இறங்கிவிடுங்கள். அன்று மாலையே மையத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். ஒரே பெயரில் இரண்டு பள்ளி இருப்பது கோவையில் அதிசயமில்லை.

மலையிலிருந்து வரும் பிள்ளைகள் உடையில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஸ்வெட்டர், ஜெர்கின், ஷூ என்று கிளம்பிவந்து கேட்டில் கழற்றிக்கொண்டு நிற்பார்கள். அரைக் கைச் சட்டை, பெரிய பொத்தான் இல்லாத உடை, செருப்பு. ஹால் டிக்கெட்டில் கேட்ட அளவில் போட்டோக்கள், ஒரிஜினல் அடையாள அட்டை, உள்ளே தெரியும் தண்ணீர் பாட்டில். பேனாவை அவர்களே தருவார்கள்.

வெயிலையும் சொல்ல வேண்டும். ஊட்டியின் குளிரில் படித்த உடம்பு மே மாதக் கோவையில் பிற்பகல் 2 மணிக்குத் துவண்டுபோகும். முன்னதாகவே போக முடியாவிட்டாலும், கடைசி ஒரு மாதம் மாதிரித் தேர்வுகளைப் பிற்பகல் 2 முதல் 5 வரையே எழுதச் சொல்லுங்கள். சாப்பிட்டதும் வரும் தூக்கமாவது பழகிப்போகும்.

ஜே.இ.இ., க்யூட் எழுதுபவர்களுக்குச் சிக்கல் வேறு. அவை கணினியில். விடையைக் கிளிக் செய்துவிட்டு, பக்கவாட்டில் இருக்கும் கேள்வி எண்ணைத் தொட்டு அடுத்ததற்குப் போனால் விடை பதிவாகாது. ‘சேவ் அண்டு நெக்ஸ்ட்’ பொத்தானை அழுத்தியாக வேண்டும். தேசியத் தேர்வு முகமையின் தளத்தில் இதே திரையோடு மாதிரித் தேர்வு இலவசமாக இருக்கிறது. பள்ளியின் ஹைடெக் லேபில் நான்கைந்து தடவை எழுதிப் பார்த்தால் கை பழகிவிடும். மௌஸ் பிடிக்கத் தடுமாறி மார்க் போவதும் அநியாயம்தானே.

கேள்வி: அமெரிக்கக் கல்லூரிகள் சாட் தேர்வு வேண்டாம் என்றன, இப்போது திரும்பக் கேட்கின்றன. ஏன் இந்தக் குழப்பம்?
- வாசகி, கொடைக்கானல்

1926-ல் தொடங்கிய தேர்வு அது. வசதியான வீட்டுப் பிள்ளைகளே அதில் மேலே நிற்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு வெகுநாளாக உண்டு. 2020-ல் கொரோனாவில் மையங்கள் மூடியதும் பெரும்பாலான கல்லூரிகள் ‘விரும்பினால் அனுப்பு’ என்றன. கலிபோர்னியா பல்கலைக்கழகம் மார்க்கையே பார்ப்பதில்லை என்று நிறுத்தியது, இன்றும் அப்படித்தான். எம்.ஐ.டி. 2022-லும், டார்ட்மவுத், யேல், பிரவுன், ஹார்வர்ட் ஆகியவை 2024-லும் திரும்பக் கேட்பதாக அறிவித்தன.

டார்ட்மவுத் சொன்ன காரணம் கவனிக்கத்தக்கது. பின்தங்கிய பள்ளிகளிலிருந்து விண்ணப்பித்த பிள்ளைகள் பலர், தங்கள் மார்க் போதாது என்று பயந்து அனுப்பாமல் விட்டிருக்கிறார்கள். அவர்கள் பள்ளியின் சராசரியோடு வைத்துப் பார்த்தால் அதே மார்க் அவர்களுக்குச் சாதகமாக இருந்திருக்கும். தேர்வை எடுத்தால் மிஞ்சுவது கட்டுரை, சிபாரிசுக் கடிதம், குதிரையேற்றம், பியானோ. அவற்றுக்கும் காசு வேண்டும். சொல்லப்போனால் கூடவே வேண்டும். 7.5 பற்றி மேலே சொன்னதும் இதே தர்க்கம்தான்.

உங்கள் பிள்ளை எழுதுவதானால்: 2 மணி 14 நிமிடம், 98 கேள்வி, 1,600 மார்க், கணினியில். ஒவ்வொரு பகுதியும் இரண்டு துண்டு. முதல் துண்டை எப்படி எழுதுகிறார்களோ அதற்கேற்ப இரண்டாவது கடினமாகவோ எளிதாகவோ வரும். எளிய துண்டு வந்துவிட்டால் உச்ச மார்க்கை எட்ட முடியாது. ஆகவே முதல் துண்டில் கவனப் பிழை ஆகாது. நெகட்டிவ் மார்க் இல்லை, ஒன்றைக்கூடக் காலியாக விடக் கூடாது.

கேள்வி: எங்கள் ஊரில் ப்ளஸ் டூ முடிக்கும் முதல் பெண் நான். பழங்குடிச் சான்றிதழை எப்போது வாங்க வேண்டும்?
- மாணவி, கோத்தகிரி அருகே

இன்றே. எஸ்.டி. சான்றிதழை தாசில்தார் தர மாட்டார்; கோட்டாட்சியர் தர வேண்டும். விசாரணை உண்டு, நாளாகும். ப்ளஸ் ஒன்னிலேயே இ-சேவையில் போட்டுவிடுவது நல்லது. சான்றிதழில் உள்ள பெயரும், தலைப்பெழுத்தும், ஆதாரும், 10-ம் வகுப்பு மார்க் ஷீட்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். கவுன்சலிங்கில் பாதித் தலைவலி அங்கேதான். குடும்பத்தில் யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழையும் கூடவே கேளுங்கள். அரசுப் பள்ளியில் படித்து 7.5-ல் பொறியியல் சேர்ந்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டும்.

கேள்வி: நீட் மார்க் குறைந்துவிட்டது. ஒரு வருடம் ரிப்பீட் செய்யலாமா?
- மாணவி, ஊட்டி

மார்க்கைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், பிழையைப் பார்த்து எடுங்கள். எழுதிய வினாத்தாளையும் விடைக்குறிப்பையும் வைத்துக்கொண்டு, போன மார்க்கை மூன்றாகப் பிரியுங்கள்: பாடமே தெரியாதது, தெரிந்தும் தப்பாக அடித்தது, நேரம் இல்லாமல் விட்டது. பின் இரண்டும் அதிகம் என்றால் இன்னொரு வருடம் பலன் தரும்; அதற்கு மாதிரித் தேர்வுகள்தான் மருந்து, பெரிய கோச்சிங் கட்டணம் தேவையில்லை. முதலாவதே அதிகம், அதுவும் ப்ளஸ் ஒன் இயற்பியலிலேயே ஓட்டை என்றால் ஒரு வருடம் போதுமா என்று நேர்மையாக யோசியுங்கள்; நர்சிங், கால்நடை, வேளாண்மை கவுன்சலிங்குகளுக்கும் இந்த வருடமே விண்ணப்பித்து வையுங்கள். நீட்டுக்கு இத்தனை தடவைதான் என்ற வரம்போ, வயது உச்ச வரம்போ இப்போது இல்லை. ரிப்பீட் செய்வதால் 7.5 தகுதி போய்விடாது. கவுன்சலிங் விண்ணப்பங்கள் மூடும் தேதிதான் யாருக்காகவும் காத்திருக்காது. அவற்றில் சில நீட் முடிவு வருவதற்கு முன்பே மூடிவிடலாம்.